டெவலப்பர் டாஷ்போர்டு சொல்வதும் கண்ணெதிரே நடப்பதும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

5 முதல் 30 பேர் வரை உள்ள டெவலப்பர் குழுவுக்கான வழிமுறை இது. கிட் (கோட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி), புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்தைப் பார்த்துச் சேருங்கள் என்ற கோரிக்கை), வேலைகளைப் பதியும் ஜிரா போன்ற டிக்கெட் கருவி, கோடைத் தொகுத்துச் சோதிக்கும் தானியங்கி பில்டு ஆகியவற்றிலிருந்து எண்களை இழுத்து டாஷ்போர்டு போட்டாயிற்று. ஆனால் அது காட்டும் படத்துக்கும் உண்மையில் நடக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை. உங்கள் அறிகுறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

எந்த அறிகுறியானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் தரவு சேர்ந்த விதம், அடுத்து வேலை நகரும் பாதை, கடைசியில்தான் ஆட்கள். எண் இறங்கியதும் ஆளைக் கூப்பிட்டு விசாரித்தால் அடுத்த மாதமே எண் ஏறிவிடும். வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழு வரலாற்றோடு எடுத்த கிட் பிரதி. பில்டு மெஷினில் இருக்கும் பிரதி பல இடங்களில் கடைசிக் கமிட்டை (கிட்டில் பதிந்த மாற்றத்தை) மட்டும் இழுத்ததாக இருக்கும், அதில் கணக்குப் போட்டால் வரலாறே இருக்காது. கடைசி 12 வாரத்துப் புல் ரெக்வெஸ்ட் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நான்கு நேரங்களோடு: திறந்தது, முதல் ரிவ்யூ (சக டெவலப்பரின் பார்வை) வந்தது, அப்ரூவ் ஆனது, மெர்ஜ் ஆனது (மெயின் கோடில் சேர்ந்தது). புரொடக்ஷனுக்கு, அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்துக்கு, போன டெப்ளாய்களின் (வெளியீடுகளின்) பதிவு. கோளாறுகளின் பதிவு, அதாவது எப்போது தெரியவந்தது, எப்போது சரியானது.

எல்லா நேரங்களையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிவிடுங்கள். ஒரு கருவி யுடிசியிலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் எழுதினால் இடைவெளிகள் எல்லாம் ஐந்தரை மணி நேரம் பிசகும். "மெர்ஜ் ஆவதற்கு முன்பே டெப்ளாய் ஆனது" என்று டாஷ்போர்டு காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி 1: எழுதிய வரிகளின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் பல மடங்கு ஏறியது

அநேகமாக யாரும் அவ்வளவு எழுதியிருக்கமாட்டார்கள். கிட் லாக்கை நம்ஸ்டாட் தெரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு கோப்பிலும் கூடிய, குறைந்த வரிகள் தனித்தனியாக வரும். அதைக் கோப்பு வாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதல் பத்தைப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

லைப்ரரிகளை (பிறர் எழுதிய கோட் தொகுப்புகளை) இறக்கித் தரும் என்பிஎம் போன்ற பேக்கேஜ் மேலாளர்கள் உருவாக்கும் லாக் கோப்பு: ஒரு சின்ன லைப்ரரியைச் சேர்த்தாலும் ஆயிரக்கணக்கான வரிகள் மாறக்கூடும். கருவி தானாக எழுதிய கோட். வெளியிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போட்ட லைப்ரரி. சோதனைக்கான பெரிய ஜேசன் தரவுக் கோப்புகள். இவற்றின் பாதைகளை ஒரு விலக்குப் பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியலையும் கிட்டிலேயே வையுங்கள். யார், எப்போது, எதைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

முதல் பத்தில் இப்படி எதுவும் இல்லாமல் நூறு கோப்புகள் சமமாக மாறியிருந்தால் யாரோ ஃபார்மேட்டரை (கோடின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் கருவியை) மொத்தக் கோடின் மேலும் ஓட்டியிருக்கிறார்கள். வெற்றிடங்களைப் புறக்கணிக்கும் தெரிவோடு மறுபடி எண்ணினால் பெரும்பகுதி வடிந்துவிடும். கோப்புகளை இடம் மாற்றியதும் காரணமாகலாம். இயல்பான அமைப்பில், உள்ளடக்கம் பாதியளவாவது ஒத்திருந்தால்தான் கிட் அதைப் பெயர்மாற்றம் என்று கண்டுகொள்ளும். அதற்கு மேல் மாறியிருந்தால் பழைய கோப்பு முழுவதும் நீக்கம், புதியது முழுவதும் சேர்ப்பு என்று இரண்டு தடவை எண்ணப்படும்.

இவ்வளவும் திருத்திய பிறகும் இந்த எண்ணை ஆட்களுக்குப் பக்கத்தில் எழுதாதீர்கள். 1982இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில், வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று கேட்கும் படிவம் ஒன்றை மேலாளர்கள் கொண்டுவந்தார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் குவிக்டிரா வரைகலைத் தொகுப்பின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். அது ஏறக்குறைய ஆறு மடங்கு வேகம் கண்டது, கோடில் 2000 வரி குறைந்தது. படிவத்தில் அவர் எழுதிய எண்: கழித்தல் 2000. சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கழித்தல் குறியைப் புரிந்துகொள்ளும் டாஷ்போர்டு இன்றைக்கும் அரிது.

அறிகுறி 2: நன்றாக வேலை செய்பவருக்குப் பூஜ்யம், அல்லது ஒரே ஆள் மூன்று பெயரில்

மூன்று பெயர் சிக்கல் எளிது. அலுவலக மடிக்கணினி, சொந்தக் கணினி, இணையத்திலேயே திருத்தியது என ஒவ்வொன்றிலும் வேறு மின்னஞ்சல் பதிவாகியிருக்கும். ரெப்போசிட்டரியின் (கோட் களஞ்சியத்தின்) வேரில் மெயில்மேப் கோப்பு ஒன்றை வைத்து எல்லா முகவரிகளையும் ஒரே பெயருக்கு இணையுங்கள். பத்து நிமிட வேலை.

பூஜ்யம் வருவதை ஆற அமரப் பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒரே திரையில் எழுதினால் கமிட் ஒருவர் பெயரில்தான் போகும். கமிட் செய்தியின் கடைசியில் உடன் எழுதியவர் வரி இருக்கிறதா, உங்கள் கருவி அதைப் படிக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் பூஜ்யமாக இருந்தால் அவருடைய கடைசி நான்கு வாரங்களை வேறு நான்கு இடங்களில் தேடுங்கள்: மற்றவர்களின் புல் ரெக்வெஸ்ட்டில் எழுதிய ரிவ்யூ குறிப்புகள், கோளாறுகளில் பங்கேற்ற நேரம், வடிவமைப்பு ஆவணங்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் உதவி கேட்ட உரையாடல்கள். குழுவின் மூத்த ஆள் வரிசையில் கடைசியாக இருப்பதும், அவர் ஒரு வாரம் விடுப்பில் போனால் எல்லோருடைய வேலையும் தேங்குவதும் சேர்ந்தே நடக்கும்.

இதற்குத் திருத்தம், ரிவ்யூவுக்கும் மதிப்பெண் சேர்ப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். செய்தால் அடுத்த வாரமே "நன்று", "பார்த்தேன்" என்ற குறிப்புகள் குவியும். தனி ஆள் வரிசையை டாஷ்போர்டிலிருந்து எடுத்துவிடுவதுதான் திருத்தம். அப்ரைசல் நேரத்தில் மேலாளர் அந்த ஆளோடு வேலை செய்த நான்கு பேரிடம் பேச வேண்டியிருக்கும், சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஒரு எண்ணால் தவிர்க்கப் பார்த்த இடங்களில், உதவி கேட்டு வருபவரைத் தட்டிக்கழிப்பது புத்திசாலித்தனம் என்று குழு கற்றுக்கொண்டுவிடும்.

அறிகுறி 3: வெலாசிட்டி ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் ஏறுகிறது, வாடிக்கையாளர் கைக்குப் போவது ஏறவில்லை

வேலையின் அளவுக்குக் குழு தரும் மதிப்பெண் ஸ்டோரி பாயின்ட்; ஒரு ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) முடித்த பாயின்டுகளின் மொத்தம் வெலாசிட்டி. இங்கே ஸ்டோரி பாயின்ட் வீங்கிவிட்டது. உறுதிப்படுத்த ஒரு சோதனை: ஆறு மாதத்துக்கு முன் முடித்த 10 டிக்கெட்டுகளை எடுங்கள். பழைய பாயின்டை மறைத்துவிட்டு, இன்று வந்த வேலை என்று வைத்துக்கொண்டு குழுவை மதிப்பிடச் சொல்லுங்கள். பழைய மொத்தம் 34, இப்போது 52 என்றால் வெலாசிட்டி உயர்வின் பெரும்பகுதி காகிதத்தில்தான்.

காரணம் குழுவின் நேர்மைக் குறைவு இல்லை. வெலாசிட்டி, ஒரு குழு தன் அடுத்த இரண்டு வாரத்தைத் திட்டமிட வைத்துக்கொள்ளும் உள் அளவு. அதை மேலே அனுப்பி, இன்னொரு குழுவோடு ஒப்பிட்டு, "அடுத்த காலாண்டில் 20 சதவீதம் கூட்டுங்கள்" என்றால் மூன்று பாயின்ட் வேலை ஐந்தாவது இயல்பு. பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது: கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு அளவை அழுத்தினால், அதுவரை அதில் தெரிந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

திருத்தம்: பாயின்டைக் குழுவுக்குள்ளேயே விட்டுவிட்டு, வெளியே முடிந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றும் எடுத்த நாட்களையும் மட்டும் காட்டுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. போர்டில் டிக்கெட்டை நகர்த்தும் நேரம் வேலை முடிந்த நேரமாகாது. முடிவு நேரங்களை வாரக் கிழமை வாரியாக எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஸ்பிரிண்ட் கடைசி நாள் மாலையில் குவிந்திருந்தால் அது போர்டைச் சுத்தம் செய்த நேரம். அப்போது டிக்கெட் நேரத்தை விட்டுவிட்டு மெர்ஜ், டெப்ளாய் நேரங்களுக்கு மாறுங்கள்.

அறிகுறி 4: லீட் டைம் நம்பமுடியாத அளவுக்குப் பெரிது, அல்லது சில நிமிடங்கள்தான்

லீட் டைம் என்பது ஒரு மாற்றம் தொடங்கி முடியும் வரை ஆகும் நேரம். மிகப் பெரிதாக இருந்தால் முதலில் சராசரியைக் கைவிடுங்கள். 10 புல் ரெக்வெஸ்ட்டுகள் எடுத்த மணி நேரங்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 4, 5, 6, 6, 8, 9, 10, 12, 30, 310. கூட்டினால் 400, சராசரி 40 மணி. ஆனால் 40 மணியை ஒட்டி ஒரு புல் ரெக்வெஸ்ட்கூட இல்லை. வரிசையின் நடுவில் வரும் நடுமதிப்பு 8.5 மணி. டாஷ்போர்டில் நடுமதிப்பையும், "நூற்றில் 85 இதற்குள் முடிந்தது" என்ற எண்ணையும் காட்டுங்கள். அந்த 310ஐ மட்டும் தனியாகத் திறந்து படியுங்கள். தனியாகப் பிரித்து எழுதி மறந்துபோன கிளையா, வேறு குழுவின் பதிலுக்குக் காத்திருந்ததா என்று பார்த்தால் தெரியும்.

மிகச் சிறிதாக இருந்தால் ஸ்குவாஷ் மெர்ஜ் காரணமாக இருக்கலாம். ஸ்குவாஷ் செய்தால் கிளையில் இருந்த கமிட்டுகள் ஒன்றாகி, மெர்ஜ் ஆன நேரத்தில் புதிய கமிட் பிறக்கும். மெயின் கிளையை மட்டும் படிக்கும் கருவிக்கு, எழுதிய நேரமும் மெர்ஜ் நேரமும் ஒன்றாகவே தெரியும். முதல் கமிட்டின் நேரத்தைப் புல் ரெக்வெஸ்ட்டின் கமிட் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

ரீபேஸும் (கிளையின் கமிட்டுகளை மெயின் கிளையின் புதிய நிலைக்கு மேல் மறுபடி அடுக்குவதும்) கணக்கைக் குழப்பும். கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதிகளை வைத்திருக்கிறது: எழுதிய தேதி, கமிட் ஆன தேதி. ரீபேஸ் செய்தால் முதலாவது அப்படியே இருக்கும், இரண்டாவது இன்றைய தேதியாகும். கருவி எதைப் படிக்கிறது என்று ஒரு தெரிந்த கமிட்டை வைத்துச் சோதியுங்கள்.

கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி டாஷ்போர்டின் தலைப்பிலேயே போடுங்கள். மென்பொருள் வெளியீட்டை ஆராயும் டோரா ஆய்வுக் குழுவின் அளவில், மாற்றத்துக்கான லீட் டைம் என்பது கமிட்டிலிருந்து அது புரொடக்ஷனில் ஓடும் வரை. உங்கள் கருவி மெர்ஜ்ஜோடு நிறுத்தினால் டெப்ளாய்க்குக் காத்திருக்கும் நேரம் கண்ணில் படாமலே போகும்.

அறிகுறி 5: எல்லோரும் மும்முரமாக இருக்கிறார்கள், எதுவும் வெளியே போகவில்லை

அதிகம் தோண்ட வேண்டிய இடம் இதுதான். மொத்த நேரத்தை நான்காகப் பிரியுங்கள்: முதல் கமிட்டிலிருந்து ரிவ்யூவுக்குத் தயாராகும் வரை, தயாரானதிலிருந்து முதல் ரிவ்யூ வரை, முதல் ரிவ்யூவிலிருந்து மெர்ஜ் வரை, மெர்ஜ்ஜிலிருந்து புரொடக்ஷன் வரை. நான்குக்கும் தனித்தனி நடுமதிப்பு. நடுமதிப்புகளைக் கூட்டினால் மொத்தத்தின் நடுமதிப்பு வராது என்பதை நினைவில் வையுங்கள், ஒவ்வொன்றையும் அதனதன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்ணுமுன் இரண்டு வடிகட்டல்கள். டிராஃப்ட்டாக (முடிக்காத வரைவாக) திறந்த புல் ரெக்வெஸ்ட்டுக்கு, திறந்த நேரத்துக்குப் பதில் ரிவ்யூவுக்குத் தயார் என்று மாற்றிய நேரத்தை எடுங்கள். பாட் (தானியங்கி நிரல்) கணக்குகள் எல்லாவற்றையும் விலக்குங்கள். தானியங்கி ரிவ்யூ கருவி ஒரு நிமிடத்தில் குறிப்பு எழுதிவிடும், உங்கள் "முதல் ரிவ்யூ" நேரம் அற்புதமாகத் தெரியும், மனிதர் பார்த்தது மூன்றாம் நாளாக இருக்கும். லைப்ரரிகளைப் புதுப்பிக்க டிபென்டபாட் என்ற பாட் தானாகத் திறக்கும் புல் ரெக்வெஸ்ட்டுகளும் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும்.

இரண்டாம் பகுதி நீண்டிருந்தால், திறந்து கிடப்பவற்றை எண்ணுங்கள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த வரிசை விதி இங்கே அப்படியே உதவும்: கிடப்பில் இருப்பதை நாளொன்றுக்கு முடிவதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 24 திறந்திருக்கிறது, நாளுக்கு 4 மெர்ஜ் ஆகிறது என்றால் 6 நாள். 6 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு ஒன்றைக் கூடுதலாகத் தொடங்கச் சொன்னால் 24 என்பது 30 ஆகும், காத்திருப்பு ஏழரை நாளாகும். தொடங்குவதைக் குறைப்பதுதான் விரைவாக முடிக்க வழி. ஒருவருக்குத் திறந்த புல் ரெக்வெஸ்ட் இரண்டுக்கு மேல் இருந்தால், புதியதைத் தொடங்குமுன் மற்றவர் ஒருவருடையதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே விதியை நான்கு வாரம் முயன்று பாருங்கள்.

மூன்றாம் பகுதி நீண்டிருந்தால், ஒரு புல் ரெக்வெஸ்ட்டுக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எழுதுபவர் சென்னையிலும் பார்ப்பவர் நியூயார்க்கிலும் இருந்தால் இடைவெளி கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. குளிர்காலத்தில் சென்னையில் மாலை 5 மணிக்குத் திறந்ததை அங்கே காலை 10 மணிக்குப் பார்த்துக் குறிப்பு எழுதும்போது இங்கே இரவு எட்டரை. இவர் திருத்துவது மறுநாள் காலை, அவர் மறுபடி பார்ப்பது மறுநாள் இரவு. ஒரு சுற்று ஒரு முழு நாள். மூன்று சுற்று மூன்று நாள், இடையில் வெள்ளிக்கிழமை வந்தால் கணக்கு இன்னும் நீளும். இங்கே யாரையும் வேகமாக டைப் அடிக்கச் சொல்லிப் பயனில்லை. முதல் ரிவ்யூவை ஒரே ஊர்க்காரர் செய்யட்டும், அடுத்த ஊருக்குக் கடைசி ஒப்புதல் மட்டும் போகட்டும். அதோடு மாற்றத்தை 200 வரிக்குள் உடைத்துக் கொடுங்கள். 400ஐத் தாண்டிய மாற்றத்தைப் படிப்பவர் ஒன்று தள்ளிப்போடுவார், அல்லது மேலோட்டமாக ஒப்புதல் கொடுப்பார்.

நான்காம் பகுதி நீண்டிருந்தால் வெளியீட்டு நாளைப் பாருங்கள். வியாழன்தோறும்தான் டெப்ளாய் என்றால் வெள்ளிக்கிழமை மெர்ஜ் ஆனது ஆறு நாள் சும்மா கிடக்கும்.

அறிகுறி 6: மாற்றத் தோல்வி விகிதம் பூஜ்யம்

டெப்ளாய்களில் எத்தனை சதவீதம் கோளாறை உண்டாக்கியது என்பதுதான் இந்த விகிதம். பூஜ்யம் வந்தால் கவலைப்படுங்கள். கோளாறுப் பதிவுக்கும் டெப்ளாய்ப் பதிவுக்கும் இணைப்பே இல்லாமல் இருக்கலாம். கிட் வரலாற்றில் ரிவர்ட் (மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்) என்று தொடங்கும் கமிட்டுகளையும், ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) என்று பெயரிட்ட கிளைகளையும் கடைசி 12 வாரத்துக்குத் தேடுங்கள். அவை இருந்தும் விகிதம் பூஜ்யம் என்றால் தோல்விகள் பதிவாவதில்லை.

எண்ணும் முறையிலும் கவனம். 40 டெப்ளாயில் 6 உடைந்தது, அந்த 40க்குள்ளேயே 6 ஹாட்ஃபிக்ஸ் என்றால், 40ஆல் வகுத்தால் 15 சதவீதம். ஹாட்ஃபிக்ஸை நீக்கி 34ஆல் வகுத்தால் 17.6. இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம், நடுவில் மாற்றக்கூடாது. ஸ்டேஜிங்குக்கு (வெளியிடுமுன் சோதிக்கும் இடத்துக்கு) போனதையும், பைப்லைன் (தானியங்கி பில்டு, டெப்ளாய் தொடர்) தடுக்கி அதே பில்டை மறுபடி ஓட்டியதையும் டெப்ளாயாக எண்ணாதீர்கள்.

பதிவு குறைவதற்கு இன்னொரு காரணம் பயம். கோளாறு எழுதினால் பெயர் கேட்கப்படும் என்று தெரிந்தால் யாரும் எழுதமாட்டார்கள். அப்போது பழுது டாஷ்போர்டில் இல்லை, கோளாறு விசாரணைக் கூட்டத்தில் இருக்கிறது.

அறிகுறி 7: வாரத்துக்கு வாரம் எண் குதிக்கிறது

பெரும்பாலும் வெறும் தற்செயல். தற்செயலாக வரும் எண்ணிக்கை, சராசரியிலிருந்து அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்கு வரை ஆடுவது சகஜம். வாரத்துக்குச் சராசரி 16 மெர்ஜ் ஆகும் குழுவில், 16இன் வர்க்கமூலம் 4, அதன் இரு மடங்கு 8. ஆக 8 முதல் 24 வரை எந்த வாரமும் இயல்பானதே. இதற்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் கேட்டுக் கூட்டம் போட வேண்டாம். நான்கு வார நகரும் கூட்டுத்தொகைக்கு மாறுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களைக் குறித்து வையுங்கள்.

அறிகுறி 8: ஏஐ உதவியால் வேகம் கூடிவிட்டது என்கிறார்கள், லீட் டைம் அசையவில்லை

இரண்டு சோதனைகள். முதலாவது கணக்கு. மொத்தம் 8 நாளில் கோட் எழுதுவது 2 நாள், மீதி 6 நாள் காத்திருப்பும் ரிவ்யூவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது இரு மடங்கு வேகமானாலும் 8 நாள் 7 ஆகும், அவ்வளவுதான். சில குழுக்களில் அதுவும் நடக்காது. கோட் பெரிதாகவும் அதிகமாகவும் வந்து ரிவ்யூ வரிசை நீளும். அறிகுறி 5இன் நான்கு பகுதிகளில் முதலாவது சுருங்கி இரண்டாவது நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். மெர்ஜ் ஆகி மூன்று வாரத்துக்குள் மறுபடி திருத்தப்பட்ட வரிகளின் பங்கையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, உணர்வை மட்டும் நம்பாமல் இருப்பது. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனையில், தாங்கள் நன்கு பழகிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் 16 அனுபவசாலிகள் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ கருவியை அனுமதித்த வேலைகள் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தன. முடித்த பிறகும் அவர்கள் தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நினைத்தார்கள். குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட கருவிகள், 2025இன் தொடக்க காலம்; இதை வைத்து உங்கள் குழுவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் "வேகமாக உணர்கிறேன்" என்பதை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

அறிகுறி 9: எண்கள் எல்லாம் பச்சை, ஆட்கள் விலகிக்கொண்டிருக்கிறார்கள்

கருவிகள் எடுக்கும் எண்களில் இது தெரியாது, கேட்டால்தான் தெரியும். நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் முன்வைத்த ஸ்பேஸ் சட்டகம் ஐந்து பக்கங்களைச் சொல்கிறது: மனநிறைவும் நலமும், விளைவு, செயல்பாட்டு அளவு, தொடர்பும் கூட்டுழைப்பும், தடையற்ற ஓட்டம். அவற்றில் மனநிறைவை முதலில் வைத்திருக்கிறது. பெரும்பாலான டாஷ்போர்டுகள் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன, எண்ண எளிது என்பதால்.

காலாண்டுக்கு ஒரு முறை ஐந்து கேள்விகள் போதும். பில்டும் டெஸ்ட்டும் காத்திருக்க வைக்கின்றனவா? ஒரு வேலையில் இரண்டு மணி நேரம் இடையூறின்றி உட்கார முடிகிறதா? ரிவ்யூ பயனுள்ளதாக இருக்கிறதா? கடந்த மாதம் இரவிலோ வார இறுதியிலோ எத்தனை நாள் வேலை? இந்த வாரம் வேலையை மெதுவாக்கிய ஒரே விஷயம் எது? பெயர் கேட்காதீர்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் விடைகளைத் தனியாகக் காட்டாதீர்கள், யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். டைம்ஷீட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எல்லா நாளும் எட்டு மணி என்று நிரப்பிய அந்தத் தாள் பில் போட உருவானது.

கடைசிக் கேள்விக்கு மூன்று பேர் ஒரே விடை எழுதியிருந்தால், உதாரணமாக 40 நிமிடம் ஓடும் டெஸ்ட் தொகுப்பு, அடுத்த ஸ்பிரிண்டில் அதற்கு ஒரு ஆளை ஒதுக்கிச் சரிசெய்யுங்கள். சரிசெய்ததை எல்லோருக்கும் சொல்லுங்கள். அடுத்த காலாண்டில் கேள்வித்தாளுக்கு வரும் விடைகளின் எண்ணிக்கை அதைப் பொறுத்திருக்கிறது.